மாதிரித் தாடை

பதறாத காரியம் சிதறாது என்று நம்புகிறவன் நான். பதினாறு வருடத்தில் நான் செய்து கொடுத்த மாதிரி ஒன்றுகூடப் பிசகியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்த சிலருக்கு, நோய் போன பிறகு தாடை எலும்பு செத்துவிடும். அதை எடுத்துவிட்டு, கால் எலும்பை வெட்டிப் புதுத் தாடை வைப்பார்கள். எங்கே வெட்டுவது, எவ்வளவு வளைப்பது என்பதற்கு நான் கம்ப்யூட்டரில் அளந்து பிளாஸ்டிக்கில் மாதிரி செய்து கொடுப்பேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்.

அந்த ஆசிரியை அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இற்றுப்போயிருந்தது. நோய்க்கு முன்னால் எடுத்த ஸ்கேன் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

"சரி, பொருத்தமா வேற யாரோட ஸ்கேனாவது பாருங்க."

என் மனைவி இறப்பதற்கு முந்தைய வருடம் பல்வலிக்கு எடுத்த ஸ்கேனை நான் அழிக்கவில்லை. அவள் போய் இரண்டு வருடத்தில் முகம் மறக்க ஆரம்பித்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் தாடையைப் பிளாஸ்டிக்கில் செய்து வீட்டு மேஜையில் வைத்துப் பார்த்தேன். போதவில்லை. அதில் சதை இல்லை.

அந்த அம்மாவுக்கு அறுவை நன்றாகவே நடந்தது. தினமும் மதியம் வார்டுக்குப் போய் நின்றேன். வீக்கம் வடிய வடிய என் மனைவி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தாள். பயமாக இருந்தது. போகாமலும் இருக்க முடியவில்லை.

மேல்பல்லும் கீழ்த்தாடையும் சேரவில்லை என்பது உண்மைதான். குடிக்கிற தண்ணீர் ஒழுகியது. மறுபடி திறந்து, இன்னொரு காலில் எலும்பு எடுக்க வேண்டுமாம்; உடம்பு தாங்குமா தெரியாது என்கிறார் டாக்டர். அந்த அம்மாவின் கணவர் என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்கா சார். ஆனா பக்கத்துல உக்காரவே கூச்சமா இருக்கு. யாரோ மாதிரி."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. மறுக்கவில்லை. என் மனைவி பக்கத்தில் அவர் ஏன் உட்கார வேண்டும்?

மறுநாள் நர்ஸ் கண்ணாடி கொடுத்தார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். பேச முடியாததால் சிலேட்டில் எழுதி எல்லோரிடமும் காட்டினார்: 'இது யார்?' நான் சிலேட்டை வாங்கி, கீழே என் மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அவர் அழ ஆரம்பித்தார். தெரிந்துகொண்ட நிம்மதியில்தான் இருக்கும்.