ரெண்டு லீவரையும் பிரிச்சாச்சு

...அதாங்க சார், கட்டைவிரல அங்கயே வச்சுக்கங்க. அவ்ளோதான் வேலை. எடுத்தீங்கன்னா ஸ்பிரிங்கு பறந்துரும், அதோட சேந்து என் மானமும். குப்பை வண்டி எப்ப வரும்னு கேக்கத்தானே வந்தீங்க? வரும், வரும். எதிர்வீட்டுக்குக் குடிவந்து இன்னும் மூட்டைகூடப் பிரிச்சிருக்க மாட்டீங்க, அதுக்குள்ள எனக்கு ஒத்தாசை. நல்ல மனுஷன் சார் நீங்க.

இது என்னன்னா... என் வீட்டுக்காரியோட ரேஸ் சைக்கிள் கியர் லீவர். ஹேண்டில்பார்ல ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, பிரேக்கோட ஒட்டியே இருக்கும். தட்டுனா 'டிக்'னு கியர் மாறணும். இது மாறல. நான் ஓட்டுற பஸ்ஸுக்கு ஒரு டிப்போ மேனேஜர் இருக்காரு, லீவு கேட்டா காதுல விழாத மாதிரியே நிப்பாரு. அதே மாதிரி நிக்குது.

நாளைக்குக் காலைல போட்டி. சும்மா போட்டின்னா பரவால்ல, இவ அக்காவும் ஓட்டுது. போன தடவ ஜெயிச்சதுலேருந்து அது போன் பண்ணா 'ஹலோ'வே கிடையாது. மூக்காலயே, 'என்னடீ... மூச்சு வாங்குதாடீ'ன்னுதான் ஆரம்பிக்கும். நேத்து சொல்லுது, 'சைக்கிள் சரியில்லன்னா என் பழசு ஒண்ணு கெடக்கு, எடுத்துக்கோ'ன்னு. அதுல ஏறுறதுக்குப் பதிலா என் பொண்டாட்டி சைக்கிள் இல்லாமலே ஓடிருவா.

கடையில குடுத்திருக்கலாம்தான். ஆனா இவ போய் கடைக்காரன உண்டு இல்லன்னு பண்ணிட்டாளே. 'சர்வீஸுக்கு விட்டா லீவரையே கெடுத்து வச்சிருக்கீங்க'ன்னு. அவன் திருதிருன்னு முழிக்கிறான். இனிமே அந்தத் தெருவுல தலை காட்ட முடியுமா? அதான், 'விடும்மா, பஸ்ஸையே ஓட்டுறேன், இத பிரிச்சு மாட்ட மாட்டேனா'ன்னுட்டேன்.

கிளம்புறப்போ படிச்சுப் படிச்சுச் சொன்னா. 'ஒண்ண மட்டும் பிரி. இன்னொண்ண பாத்து பாத்து மாட்டு'ன்னு. சரின்னேன். கல்யாணம் ஆனதுலேருந்து சரின்னுதான் சொல்றேன். அவ வாசலத் தாண்டுனதும் ரெண்டையும் பிரிச்சிட்டேன். ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? ஒரே கையா கழுவிரலாமேன்னுதான். கழுவி ஒரே தட்டுல கொட்டுனேன். அப்புறம்தான் தெரியுது, ரெண்டும் நம்ம கை மாதிரி, ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கம். இடதோட ஸ்பிரிங்கு இப்படிச் சுத்துது, வலதோடது அப்படி. அதுக்கு மேல எந்தப் பல்லுச் சக்கரம் எதோடதுன்னு... ரெட்டைப் புள்ளையப் பெத்தவகூட மச்சத்த வச்சுக் கண்டுபிடிச்சிருவா. இதுல மச்சத்துக்கு எங்க போறது?

வீடியோல ஒருத்தன் வரான் சார். குரல் தேனு. 'இப்போ இந்த ஸ்பிரிங்க மெதுவா... அன்பா... உள்ள அனுப்பணும்.' அன்பாவாம். புள்ளைய மொத நாள் பள்ளிக்கூடம் அனுப்புறான். அவனுக்கு மூணு கை. நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன். மூணாவது கை அவன் சம்சாரத்தோடது. எனக்கு நீங்க.

இருங்க, கிளிப்ப மாட்டுறேன்... மூச்சு விடலாம் சார், கொஞ்சமா விடுங்க. இன்னும் ஒரு நூலளவு... மாமியார் காலைல எட்டிப் பாத்தாங்க. தட்டையே பாக்குறாங்க. 'மாப்ள, இது ஒடஞ்சதா... இல்ல நீங்க ரிப்பேர் பண்ணதா'ன்னு... சார், சிரிக்காதீங்க, சிரிக்கா...

போச்சு.

பரவால்ல, பரவால்ல. சோபாவுக்கு அடியிலதான் போச்சு. நீங்க அசையாதீங்க, நானே நுழையுறேன். யப்பா, என்ன தூசி. நான் பேசுறது கேக்குதா சார்? உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன... அந்தக் கடைக்காரன் மேல தப்பே இல்ல. லீவர் நல்லாத்தான் இருந்துச்சு. வழவழன்னு ஓடட்டுமேன்னு ஆசைப்பட்டு, டிப்போல பஸ் சக்கரத்துக்குப் போடுற கிரீஸக் கொண்டாந்து நாந்தான் அப்புனேன். இவளுக்குத் தெரியாது. அது கோந்தா இறுகிப் போய், உள்ள இருக்குற பல்லையெல்லாம் புடிச்சிக்கிச்சு. இவ அவனத் திட்டுறப்போ பக்கத்துலதான் நின்னேன். நானும் சேந்து திட்டுனேன் சார். பின்ன, சும்மா நின்னா சந்தேகம் வருமில்ல?

என்ன சார், சத்தத்தையே காணோம். விரல் வலிக்குதா? இந்தா, கால் தெரியுது... இது உங்க கால் இல்லையே.

ஓ. எப்பம்மா வந்த?

அவரு போயிட்டாரா... ஆங். கிரீஸ்லேருந்தே கேட்டியா.

சரி, திட்டு. கடைக்காரன்கிட்ட நானே போய்ச் சொல்றேன், போதுமா? அதுக்கு முன்னாடி அந்த இடது கால மட்டும் மெதுவாத் தூக்கு. மின்னுது பாரு, அதான். எடுத்துக்கிட்டு இப்படி வந்து உக்காரு... உன் கட்டைவிரலக் கொஞ்சம் குடு.