பஸ் படிக்கிட்ட நிக்கிற முதலாளி

ஐயய்யோ, அவருக்குப் போயி டிப்ஸ் குடுத்துடாதீங்கம்மா. உள்ள வைங்க அதை, பர்ஸுக்குள்ள வைங்க. அவரு கைடு இல்ல. கைடு அதோ, மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு ஓரமா நின்னு போனைப் பாத்துக்கிட்டு இருக்கே, அந்தப் பொண்ணு. படிக்கிட்ட நின்னு ஒவ்வொருத்தரையும் முழங்கையைப் புடிச்சு இறக்கி விடுறாரே, அவரு நம்மள மாதிரி டூர் வந்தவருதான். எங்க வீட்டுக்காரரு.

ஆமாங்கறேன். நீங்க இன்னைக்குக் காலையிலதானே ஓட்டல்லேர்ந்து ஏறுனீங்க, அதான் தெரியல. சிரிப்பு வருதா? சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சு முடிச்சு, அழுது முடிச்சு, இப்ப மறுபடியும் சிரிக்கிற எடத்துல வந்து நிக்கிறேன்.

இறங்கலையா நீங்க? கூட்டம் போகட்டுங்கறீங்களா. அதுவும் சரிதான். இப்ப இறங்கினா உங்களையும் கயித்துல சேத்துடுவாரு. பாத்தீங்களா, பையிலேர்ந்து எடுத்துட்டாரு. நைலான் கயிறு. அருவிக்குப் போற பாதை வழுக்குமாம், எல்லாரும் அதைப் புடிச்சுக்கிட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தராப் போகணுமாம். முதல்ல போறாரே வெள்ள மீசை, அவரு ரிட்டயர்டு ஜட்ஜு. எத்தனை பேரை உள்ள தள்ளினாரோ, இன்னைக்கு நர்சரிப் புள்ள மாதிரி கயித்தைப் புடிச்சுக்கிட்டுப் போறாரு. எதுத்து ஒரு வார்த்தை பேசலையே. எங்க வீட்டுக்காரரு குரல் அப்படி. அவரு லிப்ட் மெக்கானிக்கா இருந்தவரு. லிப்ட் நடுவுல நின்னு போச்சுன்னா, உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட வெளிய நின்னு பேசிப் பேசிப் பழகின குரல். பதறாதீங்க, கதவைத் தட்டாதீங்க, நான் இருக்கேன்னு.

பைத்தியமெல்லாம் இல்லம்மா. நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். டாக்டர்கிட்ட காட்டியாச்சு. எல்லாம் நார்மல்னுட்டாரு. அந்த டாக்டரையும் ரூம் வாசல்ல மேடு இருக்கு, வர்றவங்க தடுக்குவாங்கன்னு திட்டிட்டு வந்தாரு.

விஷயம் என்னன்னா, இந்தக் கம்பெனி இருக்கு பாருங்க, நாம வந்திருக்கோமே இந்த டூர்க் கம்பெனி, இவரு இதுல ஒரு முதலாளி. அதாவது, அப்படித்தான் அவரு நெனைக்கிறாரு. ஷேர் வாங்கினவரு.

ரிட்டயர் ஆனப்ப மொத்தமா ஒரு தொகை வந்துச்சு. எங்க மாப்பிள்ளை பேங்க்ல இருக்காரு. பேசாம டெபாசிட்ல போடுங்க மாமா, நீங்க தூங்கினாலும் அது வளரும்னாரு. இவரு சரி சரின்னு தலையாட்டினாரு. ஒருநாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போனாரு, போற வழியில இந்தக் கம்பெனி ஆபீஸ் வாசல்ல ஒரு பஸ் வந்து நின்னுச்சாம். அதுலேர்ந்து எல்லாம் நம்ம வயசு ஆளுங்களா இறங்கினாங்களாம். ஒரு பெரியவரு கூலிங்கிளாஸ் போட்டிருந்தாராம். ஒரு அம்மா கையில குச்சி ஐஸாம், முழங்கை வரைக்கும் ஒழுகுதாம், அந்தம்மா அதைக் கண்டுக்கவே இல்லையாம். வீட்டுக்கு வந்தாரு, சொட்டு மருந்து வாங்கல. பணம் பூரா அந்தக் கம்பெனி ஷேருதான்னுட்டாரு.

என்ன கம்பெனிங்க அதுன்னேன். அறுபது தாண்டினவங்களுக்கு டூரு, அவங்களுக்கே இன்சூரன்ஸு. எல்லாருக்கும் வயசாகிக்கிட்டே இருக்குடி, கஸ்டமரைத் தேடியே போக வேண்டாம், அவனவன் இருந்த எடத்துலயே பழுத்து வந்து சேருவான்னாரு. மாப்பிள்ளை டெபாசிட் பேச்சை விட்டுட்டாரு. வரி ஏதோ கம்மியாகும், அத்தை பேர்லயாவது வாங்குங்கன்னு அதை மட்டும் சொன்னாரு. சரின்னு என் பேர்ல வாங்கினோம். பேருதான் என்னுது. முதலாளி அவரு.

மறுநாளே இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு நேரா அவங்க ஆபீசுக்குப் போயிட்டாரு. என்ன வேணும்னு வாட்ச்மேன் கேட்டா, சும்மா, நம்ம எடம் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்னாராம். ஆளில்லாத ரூம்ல ஓடின ஃபேனை அணைச்சிருக்காரு. ஆடின நாற்காலிக்கெல்லாம் ஸ்க்ரூ முடுக்கியிருக்காரு. மேனேஜரு இவரை மேலிடத்துலேர்ந்து சோதனைக்கு வந்த ஆளுன்னு நெனச்சுக் காபி வாங்கிக் குடுத்திருக்காரு. குடிச்சிட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் இப்படிக் காபி குடுத்தா கம்பெனி என்னத்துக்கு ஆகும்னு அவருக்கே அட்வைஸு. அன்னைலேர்ந்து அங்க இவருக்கு முதலாளின்னு பேரு. அவங்க கிண்டலுக்கு வெச்சாங்க. இவரு நெஜம்னு எடுத்துக்கிட்டாரு.

அதோட விட்டாரான்னா, இல்ல. உக்காந்து யோசிச்சாரு. வயசானவங்க டூர் போனா நமக்கு லாபம். கீழ விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனா கிளைம்னு வந்து நிப்பாங்க, இன்சூரன்ஸ் பணம் குடுக்கணும், நமக்கு நஷ்டம். அப்ப ஒருத்தரும் விழக் கூடாது. அவ்வளவுதாம்மா. இந்த ஒரு யோசனையில மனுஷன் வாழ்க்கையே மாறிப் போச்சு.

எங்க மேல்வீட்டுல ஒரு ஹெட்மாஸ்டரு, ரிட்டயரானவரு. இந்தக் கம்பெனி பாலிசிதான் எடுத்திருக்காரு. அவரு தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்த ஸ்டூல் மேல ஏறுவாரு. இவரு தினமும் காலையில போயி அந்த ஸ்டூலைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. கீழ்வீட்டு அம்மா பாத்ரூமுக்கு ரப்பர் மேட்டு இவரு காசுல. மாடிப்படியில ஒவ்வொரு படி ஓரத்துக்கும் வெள்ளப் பெயின்ட்டு. யாராவது இருமினா போதும், ஆவி புடிங்க, ஆவி புடிங்கன்னு கதவைத் தட்டுவாரு. ஒருத்தரு ஆவி புடிச்சிட்டு, நான் எடுத்திருக்கறது வேற கம்பெனி பாலிசின்னாராம். இவரு மொகத்தைப் பாக்கணுமே! வீட்டுக்கு வந்து, எவனோ ஒருத்தன் லாபத்துக்கு நான் தண்ணி கொதிக்க வெச்சேன்டின்னு ராத்திரிச் சாப்பாடே எறங்கல.

ஊரு என்ன நெனைச்சுது தெரியுமா? மகான்னு நெனைச்சுது. குடியிருப்போர் சங்கத்துல மைக்குல கூப்பிட்டுப் பாராட்டினாங்க. பெத்த புள்ளைங்க பாக்காத காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு ஹெட்மாஸ்டரு கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. இவரு மேடையில நின்னுக்கிட்டு, எல்லாரும் நல்லபடியா இருக்கணும், அதான் எனக்கு லாபம்னாரு. அப்படியே கைதட்டு. உண்மையைத்தான் சொன்னாரு பாவம், யாருக்குப் புரியும்!

பிஸ்கட் எடுத்துக்கங்க. சக்கரை இல்லாததுதான்.

டூரா? ஏன் கேக்கறீங்க அந்தக் கதையை. நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கயும் போனதில்லம்மா. கெளம்பற நேரம் பாத்து எவனாவது லிப்டுல மாட்டுவான், போன் வரும், இவரு ஓடுவாரு. ரிட்டயர் ஆகட்டும், உன்னை எல்லா எடத்துக்கும் கூட்டிக்கிட்டுப் போறேன்னாரு. சொன்ன மாதிரியே கூட்டிக்கிட்டும் வந்தாரு. மொத டூர்ல கடல். பஸ்லேர்ந்து இறங்கறோம், கையில ஒரு டார்ச்சைக் குடுக்கறாரு. ஆம்பளைங்களை நான் பாத்துக்கறேன், லேடீஸ் பாத்ரூம் பக்கம் என்னால போக முடியாது, நீ அங்க நின்னுக்கோங்கறாரு. நின்னேன். ஈரம், பாத்து வாங்க, ஈரம், பாத்து வாங்கன்னு. கடல் எங்க இருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அவரு மட்டும் என்ன பாத்தாரு? எங்க போனாலும் போட்டோ எடுப்பாங்கல்ல, எல்லாத்துலயும் இவரு திரும்பி நிப்பாரு. பின்னாடி மலை, பின்னாடி கோட்டை, பின்னாடி ஏரி. இவரு கண்ணு பூரா எந்தக் கெழவன் எங்க தடுமாறுவான்னுதான்.

வருஷத்துக்கு ஒருதடவை ஷேர்க்காரங்க கூட்டம் நடக்கும். அழைப்பு என் பேருக்கு வரும், போறது அவரு. அதுலயும் எந்திரிச்சுக் கேள்வி கேட்டாரு. சேர்மன் ஐயா, உங்க பஸ்ஸோட கீழ்ப்படி ரொம்ப ஒசரமா இருக்கு, கெழங்கட்டைங்களை ஏத்தற வண்டியா இல்ல லாரியான்னு. ஒரே சிரிப்பாம். ஆனா அந்த சேர்மனைச் சொல்லணும், ரெண்டு மாசத்துல எல்லா பஸ்ஸுக்கும் கீழ வைக்க ஒரு மரப்பலகை குடுத்துட்டாரு. அந்தப் பலகையில மொதல்ல தடுக்கி விழுந்தது யாருன்னு நெனைக்கிறீங்க? ஆங். அவரேதான். மணிக்கட்டு வீங்கிப் பந்து மாதிரி ஆயிடுச்சு. ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்டுல கதவு இடுக்குல நசுங்கிடுச்சுன்னுட்டாரு. கட்டுக்குக் காசு கையிலேர்ந்து. நம்ம கம்பெனிக்கு நாமளே வேட்டு வைக்கலாமான்னாரு.

சரி, அவரு கை, அவரு இஷ்டம். அப்புறம் என் முட்டிக்கு வந்துச்சு பாருங்க.

மாத்தித்தான் ஆகணும்னுட்டாரு டாக்டரு. வலின்னா, உக்காந்தா எந்திரிக்க முடியாது, எந்திரிச்சா உக்கார முடியாது. எனக்கும் இந்தக் கம்பெனி பாலிசிதான் இருக்கு, நோகாமப் பண்ணிக்கலாம். இவரு பக்கத்துல வந்து உக்காந்தாரு. என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. கம்பெனியோட லாபக் கணக்கு வர்ற நேரம்டி, அது வரட்டும், அப்புறம் முட்டியைப் பாத்துக்கலாம்ங்கறாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ்வளவு கொழைஞ்சு பேசினதே இல்ல. சரின்னேன். கணக்கு வந்துச்சு, நல்ல லாபம். வெல ஏறுற நேரம்டி, இன்னும் கொஞ்சம் பொறுன்னாரு.

நீங்க அவரைத் திட்டாதீங்க. அந்த நாளெல்லாம் சமையல் அவருதான். வெந்நி ஒத்தடம் அவருதான். துணி காயப் போடறது, எடுக்கறது, எல்லாம். எதுலயும் கொறை சொல்ல முடியாது. ஒருநாள் பாத்ரூம்ல வழுக்கி உக்காந்துட்டேன். சத்தம் கேட்டு ஓடி வந்தாரு. மூச்சு வாங்குது அவருக்கு. அப்படியே என்னைத் தூக்கி நிறுத்தி, தலைலேர்ந்து கால் வரைக்கும் தடவிப் பாத்தாரு. எங்கயும் ஒடையலையேன்னாரு. இல்லங்கன்னேன். அப்பாடா, கிளைம் இல்லன்னாரு.

அது மட்டும் உள்ள போயிடுச்சும்மா. வேற எது சொல்லியிருந்தாலும் போயிருக்காது.

ஆச்சே, ஆபரேஷன் ஆச்சே. ரெண்டு முட்டியும் புதுசு. படிக்கட்டெல்லாம் ஓடுவேன் இப்ப. இல்லல்ல, இன்சூரன்ஸ்ல இல்ல. போட்டிருக்கலாம், ஆனா அந்த ஆபீஸ்ல வாட்ச்மேன்லேர்ந்து எல்லாருக்கும் அவரைத் தெரியும். முதலாளி வீட்டுலேர்ந்தே கிளைமான்னு ஒருத்தர் சிரிச்சாப் போதும், மனுஷன் மொகம் செத்துப் போயிடும். மாப்பிள்ளை பணம் குடுத்தாருன்னு சொல்லியிருக்கோம். அதுலேர்ந்து மாப்பிள்ளைன்னா அவருக்கு அப்படி ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்தா வாசல்லேர்ந்து முழங்கையைப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டு வர்றாரு. மாப்பிள்ளைக்கு நாப்பதுகூட ஆகல, நெளியறாரு.

ஷேரா? இப்ப நல்ல வெல போகும்தான். ஆனா அது எங்கம்மா இருக்கு? அதைத்தானே வித்தேன்.

பூராத்தையும். என் பேர்லதானே இருந்துச்சு. மாப்பிள்ளைதான் போன்ல ஏதோ பண்ணினாரு, எனக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொன்னேன், முடிஞ்சுது. முட்டிக்குப் போக மீந்ததை டெபாசிட்ல போட்டு வெச்சிருக்கேன், தூங்கினாலும் வளருதாம். இந்த டூரும் அதுலதான். முதலாளிங்களுக்கு டிக்கெட் ஃப்ரீன்னு அவருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

அவருக்கா? தெரியாது. தினமும் பேப்பர்ல வெல பாக்கறாரு. ஏறினா சந்தோஷப்படறாரு, எறங்கினா மொகம் வாடிப் போயிடறாரு. அதுக்கு ஷேர் கையில இருக்கணும்னு என்னம்மா இருக்கு? இந்த வருஷக் கூட்டத்துக்கு அழைப்பு வரல. தபால்காரன் தொலைச்சிருப்பான்னு திட்டிக்கிட்டே கெளம்பிப் போனாரு. வாசல்ல யாரும் ஒண்ணும் கேக்கலையாம். வாங்க முதலாளின்னு மொத வரிசையில உக்கார வெச்சாங்களாம்.

சொல்லலாம். சொல்லணும்னு ரெண்டு தடவை வாயைத் தொறந்தேன். நீங்க அவரை ரிட்டயர் ஆன புதுசுல பாத்திருக்கணும். எங்க பில்டிங் லிப்டுல ஏறி, மேலயும் கீழயும் போயிக்கிட்டே இருப்பாரு. சொவத்துல காதை வெச்சுக் கேப்பாரு, எங்கயாவது ஒரு சத்தம் வராதான்னு. அது ஒருநாளும் ரிப்பேர் ஆகல. சாப்பிடக் கூப்பிட்டா வருவாரு, சாப்பிட்டு மறுபடி போயி ஏறிக்குவாரு. அந்த மனுஷன்கிட்ட போயி, நீங்க ஒண்ணும் முதலாளி இல்ல, எறங்குங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?

அதோ, கயிறு வளைவுல திரும்பிடுச்சு. இனிமே அவரு இந்தப் பக்கம் பாக்க மாட்டாரு. வாங்க, எந்திரிங்க. முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டு பஸ்ல படுத்திருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன், அவரு நம்பிட்டாரு. பின்பக்கமா ஒரு ஒத்தையடிப் பாதை போகுது, அருவிக்கு நேர் கீழயே கொண்டு விடுமாம். காலையிலயே விசாரிச்சு வெச்சிட்டேன். நனைஞ்சா நனையட்டும், மாத்துப் பொடவை என்கிட்ட ரெண்டு இருக்கு.

டிரைவர் தம்பி, அந்தப் பின் கதவைக் கொஞ்சம் தொறப்பா. முதலாளி வந்து கேட்டா, அம்மா நல்லாத் தூங்குறாங்கன்னு சொல்லிடு.