கூட வந்தவள்

— திரும்பிப் போயிரலாம் நோரீன். இந்தக் கடல் காத்து ஆளையே தூக்குது.

— பாதி வழி வந்தாச்சு ஜானிஸ். திரும்பினாலும் இதே காத்துதான் முதுகுல அடிக்கும். தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டு நட கண்ணு.

— எதுக்கு நடக்கணும்ங்கிறேன்? நம்ம ஊர்லயே இருந்த வேலை ஆபீசை, உதவிப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுற இடத்தை, இழுத்து மூடிட்டானுங்க. அந்தக் கட்டடத்துல இப்ப நாய்க்கு முடி வெட்டுறாங்க. நாய்க்கு வாசல்லயே எல்லாம் நடக்குது, நாம பக்கத்து ஊருக்கு நடக்கணும்.

— நாய்க்கு முடி வெட்டுறதும் வேலைதானே. அங்க கேட்டுப் பாத்தியா?

— கேக்காம இருப்பேனா? அந்தப் பொண்ணு என் கையையே பாத்தா. மீன் ஃபாக்டரில என்ன செஞ்சீங்கன்னு கேட்டா. தலைய வெட்டி, குடலை உருவி, ஐஸ்ல போடுவேன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டா.

— அடியேய், சிரிக்க வைக்காத. மூச்சு வாங்குது.

— நாசமாப் போற பஸ்ஸுலயாவது போயிருக்கலாம்.

— பஸ்ஸுக்குக் குடுத்துட்டா வீட்டு மீட்டருக்கு எதைப் போடுவ? காசு போடலைன்னா ஹீட்டர் எரியாது. திங்கக்கிழமை கெய்லி விஷயமா அந்தக் குழந்தை நல ஆபீஸ் அம்மா வீட்டைப் பாக்க வராங்களா இல்லையா?

— வராங்க. வீடு சூடா இருக்கணும், அலமாரில சாப்பாடு இருக்கணும், அப்பத்தான் புள்ளைய உங்ககிட்டத் திருப்பி அனுப்புறதைப் பத்திப் பேசலாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.

— நியாயம்தானே. புள்ளைக்காகத்தான சொல்றாங்க.

— நான் என்ன இல்லைன்னா சொன்னேன்? போன தடவ உதவிப் பணத்தை வெட்டினப்போ ரெண்டுமே இல்லாமத்தானே அவளை அவ அப்பன்கிட்ட அனுப்பினேன். நானே பையைக் கட்டி நானே ரயிலேத்தி விட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டேன்னு உக்காந்திருந்தா. பத்து வயசுப் புள்ள, நான் அவளை வேண்டாம்னுட்டேன்னு நினைச்சிருக்கா.

— வந்ததும் சரியாயிடும். அதுக்குத்தான் சொல்றேன், இன்னிக்கு நேரத்துக்குப் போய் அந்த நாற்காலில உக்காந்துரு. அந்த ஆபீசுல டங்கன் என்ன கேட்டாலும் பல்லைக் கடிச்சிக்கிட்டு "சரிங்க"ன்னு சொல்லு.

— நேத்தே வேண்டாம்னு சொன்னேன். அந்த ஆளு மூஞ்சில முழிக்கிறதுக்குப் பட்டினி கிடக்கலாம்.

— நீ கிடப்ப. கெய்லி கிடப்பாளா? நட.

— நீ எப்பவும் அவங்க பக்கம்தான் பேசுவ. ஃபாக்டரிலயும் அப்படித்தான். சூப்பர்வைசர் தும்மினா நீதான் துணி எடுத்துக் குடுப்ப.

— இந்தா பாரு, ஊரான் கட்டுற வரிப்பணம். கேள்வி கேக்காமயா குடுப்பான்? ஃபாக்டரிலயும் லேட்டா வந்தா பிடிச்சாங்கல்ல, அப்ப நீ கொடி புடிச்சியா?

— ஃபாக்டரில கால் மணி லேட்டுன்னா கால் மணிக் கூலி போகும். அதோட முடிஞ்சுது. இங்க கால் மணி லேட்டுக்கு மாசக் கணக்குல அடுப்பை அணைக்கிறான். பஸ்ஸு நடுரோட்டுல ரிப்பேராகி நின்னுச்சு, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அதையும் சொன்னேன். "அதுக்கு முந்தின பஸ்ஸுல வந்திருக்கணும்"ங்கிறான். ஏன், முந்தின நாளே வந்து அவன் வாசல்ல படுத்துக்கிட்டா இன்னும் நல்லது.

— ஏதோ ரூல்ஸுன்னு ஒண்ணு வேணும்ல.

— ரூல்ஸாம். கடையை ஒடைச்சுத் திருடினவனுக்குக்கூட ஜெயில்ல வேளாவேளைக்குச் சோறு போடுறாங்க நோரீன். கக்கூஸ் கழுவ ஆள் எடுக்குறாங்களான்னு கேட்டு அலையிறவளுக்குச் சோத்தை நிறுத்துறாங்க. இதுல எது குத்தம்னு நீயே சொல்லு.

— அப்ப திருடப் போறியா?

— எங்க திருடுறது? இப்ப சூப்பர்மார்க்கெட்டுல சீஸையே பூட்டி வெச்சிருக்கான்.

— ஹஹ்... போதும்டி, போதும்.

— உனக்கும்தானே வெட்டினான், உனக்குக் கோவமே வரலையா? லைப்ரரில கம்ப்யூட்டர் கிடைக்கலைன்னு, வேலை கேட்டுப் போன இடத்தையெல்லாம் அழகாக் கையால எழுதிக் கொண்டுபோய்க் குடுத்த. கம்ப்யூட்டர்ல ஏத்தலைன்னா வேலையே தேடலைன்னு அர்த்தம்னுட்டான்.

— நான்தான் வெள்ளெனப் போய் வரிசைல நின்னிருக்கணும்.

— பூட்ஸு தேய ஏறி இறங்கினவ நீ. தப்பும் உன்னுதா?

— யாருதுன்னு பாத்து என்ன ஆகப் போகுது? எத்தினி தடவ கத்தினாலும் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக்காது. கோடைல வந்து தங்குறவங்க வண்டி நிக்கிற இந்தக் கேரவன் பார்க்கைத் தாண்டிட்டா ரவுண்டானா. அங்கிருந்து கிட்டக்கத்தான்.

— ஏன் நின்னுட்ட?

— பூட்ஸுல கல்லு.

— கல்லுன்னா கழட்டு. கம்பியைப் பிடிச்சிக்கிட்டு ஏன் நிக்கிற? நோரீன், இங்க பாரு. உன் உதடு என்ன இந்தக் கலர்ல இருக்கு?

— குளிருடி. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன். நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வந்துர்றேன்.

— காலைல என்ன சாப்பிட்ட?

— ஓட்ஸ் கஞ்சி.

— என் கண்ணைப் பாத்துச் சொல்லு.

— டீ.

— நேத்து ராத்திரி?

— அதான் டீ குடிச்சேன்னேனே.

— கடவுளே! இந்தா, இதைத் தின்னு. ரொட்டியும் ஜாமும்தான். தின்னுங்கிறேன்ல!

— அது உன் மத்தியானச் சாப்பாடு.

— எனக்கு வேண்டாம். வாயைத் திற... மெதுவா, மெதுவா. காகிதத்தையும் சேத்து முழுங்கிருவ போலிருக்கு. எத்தினி நாளா இப்படி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?

— சொன்னா நீ என்ன பண்ணுவ? உன்கிட்ட இருக்கிறதுல பாதியை... பாதியைக் குடுப்ப... ஜானிஸ், ரோடு சுத்துது.

— சாஞ்சுக்கோ. என்மேல சாஞ்சுக்கோ. நோரீன்? ஏய், நோரீன்! கண்ணை மூடாத! ஹலோ, ஆம்புலன்ஸா? கடற்கரை ரோடு, மூடிக் கிடக்கே அந்தக் கேரவன் பார்க், அதுக்கு எதுத்தாப்புல. ஒரு பொம்பளை, அம்பது வயசுக்கு மேல. மூச்சு விடுறா. தலை தொங்கிப் போச்சு. சாப்பிடாம கெடந்திருக்கா... தெரியலைங்க, எத்தினி நாள்னு சொல்ல மாட்டேங்கிறா. சரி. சரிங்க. விட்டுட்டு எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன், சீக்கிரம் வாங்க.

— ...யார்கிட்டப் பேசுற?

— முழிச்சிட்டியா? அப்பாடா. அசையாத. வண்டி வருது, ஆனா நேரமாகும்னாங்க.

— மணி என்ன?

— அது எதுக்கு உனக்கு?

— இன்னும் நேரமிருக்கு. ஓடுடி. ஓடினா பிடிச்சிரலாம்.

— உன்னை ரோட்டோரத்துல போட்டுட்டா?

— எத்தினி கார் போகுது. எவனாவது பாப்பான். கெய்லியை நினைச்சுக்கோ, ஓடு!

— கெய்லியைத்தான் நினைச்சிக்கிட்டிருக்கேன். அவ திரும்பி வந்ததும், உனக்காக நோரீனை ரோட்டுல போட்டுட்டு ஓடினேன்னு சொல்லவா? சும்மா கிட. ஆபீசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்றேன். அவனும் மனுசன்தானே.

— பாட்டுப் போட்டு விடுவான். மணிக்கணக்கா கேட்டுக்கிட்டு இரு.

— போட்டுட்டான். இதே பாட்டுதான் எப்பவும்... நாசமாப் போற பாட்டு... உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? என் பாக்கெட்டுல விடு. இந்தப் பக்கம். ஆங், ஹலோ! ஹலோ! மிஸ்டர் டங்கன்ங்களா? நான் ஜானிஸ். இன்னிக்குக் காலைல உங்களைப் பாக்க வரணும்.

— சொல்லுங்க ஜானிஸ். இப்ப நீங்க என் முன்னாடி உக்காந்திருக்கணுமே.

— வந்துக்கிட்டே இருந்தேங்க. ரவுண்டானாகிட்ட இருக்கேன். கூட வந்த சிநேகிதி மயக்கம் போட்டுட்டா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கு, ஆளை விட்டுட்டுப் போகக் கூடாதுன்னாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க, வண்டி வந்ததும் ஓடி வந்துர்றேன்.

— அவங்க உங்க சொந்தமா?

— சொந்தம் இல்லீங்க. ஃபாக்டரில பக்கத்துப் பக்கத்துல நின்னு மீன் வெட்டினோம்.

— கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு ஏற்கெனவே ஒரு தடவ லேட்டுன்னு பணம் வெட்டியிருக்கு. உங்க நேரம் தாண்டினதும் நீங்க வரலைன்னு நான் போட்டாகணும். போட்டுட்டேன்.

— போட்டுட்டீங்களா? இப்பத்தான் சொல்றேனே! அதை அழிச்சிருங்களேன்.

— போட்டதை என்னால அழிக்க முடியாது. நீங்க சொன்னதைக் கீழ எழுதுறேன். முடிவு எடுக்கிறது மேல. நான் இல்ல.

— மேல யாரு? அவரோட பேச முடியுமா?

— அவங்க யார்னு எனக்கே தெரியாதுங்க.

— திங்கக்கிழமை என் பொண்ணு விஷயமா வீட்டைப் பாக்க வராங்க மிஸ்டர் டங்கன். வீட்டுல சூடு இல்லைன்னா அவளை அனுப்ப மாட்டாங்க. நான் லேட்டா வரலைங்க. நான் சீக்கிரமே கிளம்பினேன். விடியும்போதே கிளம்பி நடந்தே வந்தேன்.

— அதையும் எழுதுறேன் ஜானிஸ். என்னால ஆனது அவ்வளவுதான். எத்தனை பேரை விட்டேன்னு என் கணக்கையும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க.

— சரி. எனக்கு வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும். இவளுக்காவது பாருங்க. இவளும் இன்னிக்கு வரவேண்டியவதான். சுயநினைவில்லாமக் கிடந்தவளை வரலைன்னு போட்டுறாதீங்க. புண்ணியமாப் போகும்.

— அப்படியா? அவங்க முழுப்பேரைச் சொல்லுங்க, பாக்கறேன்.

— சொல்லாதடி.

— நீ பேசாம இரு. பேரு நோரீன்...

— சொல்லாதன்னேன்ல! வை. போனை வை ஜானிஸ்.

— வெச்சுட்டேன். ஏன்டி? அவனே கேக்குறான், அதிசயமா ஒரு வார்த்தை நல்லாக் கேக்குறான், ஏன் தடுக்குற? எனக்குத்தான் போச்சு, உனக்குமா போகணும்?

— எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு? கிறிஸ்மஸுக்கு முன்னாடியே அந்த லிஸ்டுலேருந்து என் பேரை நானே எடுத்துட்டு வந்துட்டேன்டி, அந்த நாற்காலில இன்னொரு தடவ உக்கார முடியல. இன்னிக்கு என்னை அங்க யாருமே வரச் சொல்லல. நேத்து நீ போக மாட்டேன்னு சொன்ன பாரு, உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வரலாம்னுதான் வந்தேன்.