ஐந்தாவது சீட்டு வரை

எனக்குச் சீட்டுக்கட்டைக் கையால் கலைக்கக்கூடத் தெரியாது சார். செல்போனில்தான் ஆடுவேன், போக்கர். இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் படகுச் சங்கத்தின் வயர்லெஸ் அறையில் எனக்கு வேலை. கடலில் இருப்பவர்கள் கூப்பிட்டால் கேட்டு எழுதிக் கரையில் சொல்ல வேண்டும். கடல் சும்மா கிடக்கும் நாளில் யாரும் கூப்பிடுவதில்லை.

ஆட்டம் இப்படி. ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பந்தயத்தைக் கூட்டலாம். கையில் ஒன்றுமில்லாதவனும் இருப்பதுபோல் கூட்டினால் எதிராளி பயந்து சீட்டைப் போட்டுவிட்டு ஓடுவான். முதல் பொய் யாருக்கும் வரும். அவன் ஓடாமல் உட்கார்ந்திருக்கும்போது நாலாவது சீட்டிலும் அதே பொய்யைச் சொல்வதா, விடுவதா என்பதுதான் பாடு. நான் பாதியில் விட்டுவிடுவேன். கடைசியில் அவன் காட்டுவது உதவாத சீட்டாக இருக்கும். இன்னொரு தடவை கூட்டியிருந்தால் ஓடியிருப்பான். இது எத்தனை எரிச்சல் என்று ஆடாதவர்களுக்குப் புரியாது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: சொன்ன கதைக்குப் புதுச் சீட்டு ஒத்துவந்தால் விடக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலாவது சீட்டு திறந்த நேரம் பார்த்து, மூன்று பேரோடு மீன்பிடிக்கப் போயிருந்த எங்கள் சங்கத்து ஏசுஅடிமை கடலிலிருந்து கூப்பிட்டார்.

"ஏலே செல்வா, இன்ஜின் நின்னுபோச்சுடே. காத்தும் மாறுது. ஒரு வள்ளத்த அனுப்பு."

நிற்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்களையும் சொன்னார். ஆட்டத்தில் எனக்கு இருபது நொடிதான் இருந்தது. "கேட்டாச்சு, ஆளு வரும்" என்று சொல்லி வயர்லெஸ்ஸின் சத்தத்தைக் குறைத்தேன். ஐந்தாவது சீட்டு வரை விடாமல் கூட்டினேன். எதிராளி ஓடவில்லை. தோற்ற எரிச்சலில் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தபோது அவர் சொன்ன எண்கள் மறந்திருந்தன. திரும்பக் கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது.

சாயங்காலம் அவர் மனைவி குளோரி வந்தாள். "அண்ணே, அவிய விளிச்சாவளா?"

"விளிச்சாரு. இன்ஜின் கொஞ்சம் மக்கர். வேற வள்ளத்துல கட்டி இழுத்துட்டு வாறாவ."

மறுநாள் காலையில் காற்று பலத்தது. தேடிப் போக ஆறு படகுகளில் டீசல் ஏற்றிவிட்டு, சங்கத் தலைவர் தங்கையன் வந்து கேட்டார். "இழுத்துட்டு வாறாவன்னு நிச்சயமாத் தெரியுமா மக்கா?" நான் யோசித்தேன். கிழக்குக் காற்று. இழுத்துப் போகும் படகு கொல்லம் பக்கம்தான் ஒதுங்கும். கதை ஒத்துவந்தது. "கொல்லத்துல கரையேறியாச்சாம். போன்ல சார்ஜ் இல்ல" என்றேன். டீசலை இறக்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் குளோரி மறுபடி வந்தாள். இத்தனை தடவை கேட்டால் யாருக்கும் சலிப்பு வரும். அவள் எதிரிலேயே போனைக் காதில் வைத்து, இல்லாத ஒருவரிடம் பேசினேன். "நாளைக்கு வாறாராம்" என்றேன். அவள் சிரித்தாள். பிள்ளைகளுக்குச் செய்திருந்த அப்பத்தில் எனக்கு இரண்டு கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் வேறு ஊர்ப் படகு ஒன்று, அவரோடு போன அனிஷை மட்டும் உயிரோடு தூக்கி வந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் நான்கு பேரும் கிடந்தார்களாம். தூரத்தில் ஒரு படகு தெரிந்தபோது நீந்திப் போகலாமா என்று அனிஷ் கேட்டானாம். "செல்வன் கேட்டாச்சு, நம்ம ஆளு வரும். கிட" என்று ஏசுஅடிமை தடுத்துவிட்டாராம். மூன்றாம் நாள் சாயங்காலம் வரை அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. நான் அப்பம் தின்றது அன்று காலையில்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று சார். "பொய் சொல்லுதியா?" என்று குளோரி ஒரு தடவை கேட்டிருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். நம்பி நம்பியே அவள் என்னைக் கடைசி வரை கொண்டுபோய்விட்டாள்.