அழவைத்ததோடு நில்லாத ஆசிரியர் ஞா. ஜெயகரன் அவர்களுக்கு

செந்தமிழ் செப்பிய செம்மலே, மேடையில் மெய்யை நிறுத்திய மேலோரே, பதவியில் தாழ்த்தப்பட்ட போதும் தலை தாழாத தகையாளரே, வணக்கம்.

இந்தப் பிரிவுபசார மடலில் தங்கள் பணிவைப் பாராட்ட வேண்டும் என்றும், நாடகம் என்ற சொல்லே வரலாகாது என்றும் பள்ளி நிர்வாகக் குழுவினர் நேற்றுச் சொல்லியனுப்பினர். பணிவைப் பற்றி எழுத எங்களுக்குக் கை வரவில்லை. தங்கள் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் கூடியிருக்கும் ஆம்பூர்ப் பெருமக்களுக்கே சொல்லுகிறோம். தாங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பெருமக்களே, ஜெயகரன் தமிழ் கற்பித்தவர். ஆனால் ஐரோப்பிய நாடகக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாக எதற்காகச் சண்டையிட்டுக்கொள்கிறார்கள் என்பதை இவ்வட்டாரத்தில் அவரைப் போல் படித்தறிந்தவர் வேறொருவர் இல்லை. வீட்டில் நடப்பதை நடப்பதுபோலவே காட்ட வேண்டும் என்றார்களாம் ஒரு சாரார். உண்மை பேச்சில் இல்லை, மௌனத்திலும் நிழலிலும் இருக்கிறது என்றார்களாம் மறு சாரார். மனிதன் மனத்தில் உள்ள பயத்தைக் கோணல் சுவர்களாக மேடையிலேயே நிறுத்தினார்களாம் இன்னொரு சாரார். ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிப்போகும் வரை இதையெல்லாம் சொல்லுவார். எங்களுக்கு அப்போது அது வெறும் கதை.

பிறகு தோல் தொழிலாளி மிக்கேல் செத்தார். பள்ளிக் குழுத் தலைவரின் தோல் பதனிடும் தொழிற்சாலையில், மழை ஈரத்தில் கால் வழுக்கி, தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிக்குள் விழுந்தார். குழியைச் சுற்றித் தடுப்பு என்று ஒரு குச்சிகூட இல்லை. அவருடைய மனைவி சவுரியம்மாள், அதே தொழிற்சாலையில், தோல் பதனிட உதவும் ஆவாரம் பட்டை சுமப்பவர்.

அவ்வாண்டு பள்ளி விழாவுக்கு ஜெயகரன் அந்தச் சாவை வைத்து எழுதிய நாடகத்தில் ஆர்மோனியம் இல்லை, பாட்டு இல்லை, அரண்மனைத் திரை இல்லை. "சபை பக்கமும் ஒரு சுவர் இருக்குதுன்னு நெனச்சுக்குங்க. அவங்கள பார்க்காதீங்க. உங்க பாட்டுக்கு வேலய செய்யுங்க," என்றார் நடித்த ஆசிரியர்களிடம். ஈரத் தோல்களையே மேடைக்குக் கொண்டுவந்தார். முன் வரிசைக் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. ஓவிய ஆசிரியர் இன்பசேகரன் குழிக்குள் விழுந்து அலறியபோது அதே கைக்குட்டைகள் கண்ணுக்குப் போயின. தலைவர் தேம்பி அழுதார். இன்பசேகரனுக்கு வெள்ளிப் பதக்கம் அணிவித்துவிட்டுக் குதிரை வண்டியில் ஏறிப் போனார்.

ஒரு மாதம் போயிற்று. கடைத்தெருவில் சவுரியம்மாள் ஜெயகரனை நிறுத்தினார்.

"அவ்ளோ பேரும் அழுதாங்களே வாத்தியாரே. இன்னா செஞ்சாங்க? குழி அப்படியேதான் கெடக்குது."

அன்று வகுப்பில் சுண்ணக்கட்டி ஜெயகரன் கையில் ஒடிந்துகொண்டே இருந்தது. தம் நாடகம் முதலாளியின் மனப்பாரத்தை இறக்கிவைத்து, நல்ல உறக்கம் வரச் செய்துவிட்டது என்று அவருக்குப் பட்டது. அவர் கோபம் முதலில் தம் மீதே பாய்ந்தது.

அந்தக் கோபத்தோடு வேலூருக்குப் போய், அங்கே தங்கியிருந்த ஜெர்மானியப் பாதிரியாரிடம் கேட்டார். பெர்லினில் சிலருக்கும் இதே எரிச்சல் வந்திருக்கிறது என்றார் பாதிரியார். பார்ப்பவனை மயக்காதே, அவன் மீதும் விளக்கை வை, நடிகன் வேடத்திலிருந்து வெளியே வந்து கேட்கட்டும் என்கிறார்களாம் அவர்கள்.

1931இல் அதே நாடகம் மறுபடி அரங்கேறியது. இம்முறை பெட்ரோமாக்ஸ் விளக்குகள் சபைக்கு நடுவிலும் எரிந்தன. விழ வேண்டிய இடத்தில் இன்பசேகரன் விழவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு சபையைப் பார்த்தார்.

"இப்ப நான் விழணும், நீங்க அழணும். நான் விழமாட்டேன். இந்தக் குழிக்கு ஏன் தடுப்பு இல்ல? யாராவது சொல்லுங்க."

"நாடகத்தை நடத்துங்கய்யா," என்றார் தலைவர்.

ஜெயகரன் மேடை ஓரத்திலிருந்து வெளியே வந்தார். "இதாங்க நாடகம். பதில் வந்தா மேல நடக்கும்."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து சவுரியம்மாள் எழுந்தார். "நான் சொல்றேன். எம் புருசன் தடுப்பு கேட்டாரு. தோல் தூக்கத் தோதுப்படாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. கேட்டவருதான் செத்துப்போய்ட்டாரு."

தலைவர் வெளியேறினார். மற்றவர்கள் யாரும் எழவில்லை. மறுநாள் காலை, தடுப்பு வராமல் குழியருகே போகமாட்டோம் என்று தொழிலாளர்கள் வாசலிலேயே நின்றார்கள். அந்த வாரமே மரத்தடுப்பு வந்தது. இன்றும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

குழு ஜெயகரனைக் கூப்பிட்டனுப்பியது. "நடிகர் வசனம் மறந்துட்டார்னு சொல்லிடுங்க, போதும்," என்றார்கள்.

"அவர் மறக்கலிங்க. அது நான் எழுதின வசனம்."

அதற்குத் தண்டனையாக, மேல்வகுப்புத் தமிழை அவரிடமிருந்து பறித்து, அரிச்சுவடி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும் இந்நாள் வரை அங்கேயே வைத்தார்கள். பள்ளியில் நாடகமே கூடாது என்றார்கள். ஓர் உயிருக்குத் தடுப்புக் கேட்டவரைத் தண்டித்தவர்கள், இன்று ரோஜா மாலையோடு வந்து முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த மாலையை அவர் வாங்கினாலும் மறுத்தாலும் அது அவர் விருப்பம். எங்களுக்கு நெஞ்சு எரிகிறது என்பதை மட்டும் மறைக்கமாட்டோம்.

ஐயா, ஜோலார்பேட்டை ரயில்வேத் தொழிலாளர்கள் நாடகக் குழு அமைக்கத் தங்களை அழைத்திருக்கிறார்கள் என்று அறிந்தோம். தாங்கள் சம்மதம் சொல்லிவிட்டதையும் அறிந்தோம். கண் மங்காமல், குரல் கம்மாமல், கோபம் தணியாமல் தாங்கள் பல்லாண்டு வாழ வேண்டும். அங்கே ஒத்திகை மாலை ஆறு மணிக்காம். எங்களில் பலர் பெயர் கொடுத்துவிட்டோம்.

இவ்வாறு,
தங்களோடு நடித்த, இனியும் நடிக்கப்போகும் ஆசிரியர்கள்,
ஆம்பூர், 1937.