பாலியில் வாசலில் இருந்தவர்

லண்டனில் மோர்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு நடுவயதுத் தம்பதி. பக்கத்து இருக்கையில் இருந்த சிநேகிதியிடம் மனைவி சொன்னார்:

“பாலியில வெள்ளைக்காரர் இவரை அந்த ஊர் ஆளெண்டு நினைச்சிட்டினம்.”

“எப்பிடியப்பா?”

“பழைய மாதிரியே வச்சிருக்கிற ஒரு கிராமத்துக்குப் போனனாங்கள். கார், மோட்டார் சைக்கிள் ஒண்டும் உள்ள விடமாட்டினம். இவர் இடுப்பில சாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு வீட்டு வாசல்ல குந்திட்டார்.”

“முழங்கால் நோ,” என்றார் கணவர்.

“சனம் வந்து வந்து படமெடுக்குது. இவர் கும்பிட்டுக்கொண்டு சிரிக்கிறார்.”

“வீட்டுக்காரர் ஏசேல்லையோ?” என்று சிநேகிதி கேட்டார்.

“ஏன் ஏசுறார்? தேத்தண்ணி தந்தவர்,” என்றார் கணவர். “வாசல்ல சும்மா இருக்க எங்கட ஊர் ஆக்களுக்கு நேரமில்லை, வாற சனம் ஏமாந்து போகுது, ஏலுமெண்டால் நாளைக்கும் வாங்கோ எண்டார்.”

“நீங்கள் போகேல்லைத்தானே?”



“விடியவே போயிட்டார்,” என்றார் மனைவி. “பின்னேரம் நான் டிக்கெட் எடுத்து, வரிசையில நிண்டுதான் இவரைப் பார்த்தனான்.”