மாலைக்குள்ள மைக்கு

எக்கோவ ஏத்தி என்னண்ணே ஆவப்போவுது? அழுக்குத் துணிக்கு செண்டு அடிச்ச மாதிரிதான் இருக்கும் லா. எங்கிட்ட நாலு ட்ராக் மெஷினு இருக்கு. கொரல தனித்தனியா எடுத்திருந்தா மிக்ஸிங்ல ஏத்தலாம், எறக்கலாம். இது எல்லாம் ஒரே டேப்புல ஒட்டிக் கெடக்கு. ஒப்பாரி பாடுற ராக்காயி அக்கா கொரலத் தூக்குனா பின்னாடி கோழி கத்துறதும் சேந்து தூக்குது.

ம்? திரும்பப் பாட வைக்கலாமா? உங்க கோலாலம்பூர் கேசட்டு கம்பெனியில எப்படியோ. எங்க ரப்பர் தோட்டத்துல பொணம் கெடந்தாத்தான் ஒப்பாரி. சும்மா பாடுனா வீட்டுக்கு ஆவாது. எங்க மொதலாளி, தவுக்கே ஜெயபாலன் போன வருசம் அந்தக்காவ ஈப்போவுக்கு, இதே ரூமுக்குக் கூட்டியாந்தாரு. ஹெட்போன மாட்டுனதும் கழட்டி வெச்சுட்டு, இங்க யாரு தம்பி செத்துட்டாங்கன்னு என்னியக் கேட்டுச்சு. எறங்கிப் போனது போனதுதான்.

அதான் இப்ப எழவு வீட்டுலயே எடுத்துட்டாரு.

ரித்தம் பாக்ஸ் சேக்கச் சொல்றீங்களா? தூ! மன்னிச்சுக்குங்கண்ணே, உங்கள இல்ல.

இல்ல, யாரும் மைக்க நீட்டல. கேட்டாலே தெரியுதே. பொம்பளைங்க சுத்தி ஒக்காந்து, மேலேருந்து குனிஞ்சு அழுவுறாங்க. வளையல் சத்தம் எவ்வளோ கிட்ட கேக்குது பாருங்க. மைக்கு நடுவுல, பொணத்தோட படுத்திருக்கு. தவுக்கே பெரிய ரோசா மாலை கொண்டாந்தாரு. அதுக்குள்ள கையளவு ரெக்கார்டர வெச்சுக் கட்டியிருக்காரு. தூக்குற நேரத்துல அவரே முன்னால வந்து மாலைய எடுத்துக்கிட்டாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன்னு எல்லாரும் பேசுனாங்க.

நானா? நானும்தான் அங்க இருந்தேன். அவர் கையிலேருந்து மாலைய வாங்குனதே நான்தான். கனமா இருக்கே, பூவ அள்ளிக் கட்டியிருக்காருன்னு நெனச்சேன். பாத்து மெதுவா எங்கம்மா நெஞ்சு மேல வெச்சேன்.

நேத்து டேப்ப நீட்டி, ஒங்கம்மா நமக்கு விட்டுட்டுப் போன சொத்துடான்னு சிரிக்கிறாரு.

இத உங்களுக்கும் தரமாட்டேன், அவருக்கும் தரமாட்டேன். அழிக்கலாம்னுதான் காலையில ஒக்காந்தேன். கை வரலண்ணே. அம்மாவ அவ்வளோ நல்லா பாடியிருக்கு அந்தக்கா.